நினைவகக் கணக்கு – 9: கேட்டது எந்த வரி?

சென்ற இதழில் ஜெஃப் பான்விக்கின் ஸ்லாப் முறை சோலாரிஸிலிருந்து லினக்ஸுக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்தோம். நினைவகத்தைத் துண்டு போட்டு விரைவாகக் கொடுக்கவும், திரும்பி வந்ததைச் சூடு ஆறுவதற்குள் அடுத்தவருக்குத் தரவும் கெர்னல் அப்போது கற்றுக்கொண்டது. கொடுத்ததை எல்லாம் யாருக்குக் கொடுத்தோம் என்று சொல்ல மட்டும் அதற்குத் தெரியவில்லை. பான்விக்கின் கட்டுரை வெளியானது 1994இல். லினக்ஸ் கெர்னல் எந்நேரமும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நிலைக்கு வந்தது 2024இல். இடையில் போன முப்பது ஆண்டுகள்தான் இந்த அத்தியாயம்.

லினக்ஸ் ஓடும் எந்தக் கணினியிலும் ப்ராக் கோப்பகத்துக்குள் மெம்இன்ஃபோ என்றொரு கோப்பு இருக்கும். மொத்த நினைவகம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, நிரல்கள் பிடித்திருப்பது எவ்வளவு, பக்க கேஷ், ஸ்லாப், பக்க அட்டவணைகள், கெர்னல் ஸ்டாக்குகள் ஒவ்வொன்றுக்கும் போனது எவ்வளவு என்று வரிவரியாக எழுதியிருக்கும். சர்வர் திணறத் தொடங்கினால் நிர்வாகி முதலில் திறந்து பார்ப்பது இதைத்தான். செலவு வரிகளை எல்லாம் கூட்டி, மிச்சத்தையும் சேர்த்தால் மொத்தம் வந்துவிட வேண்டும். பல நேரம் வராது. டிரைவர் ஒன்று பக்க ஒதுக்கியிடம் நேரடியாகப் போய் 4 கிலோபைட் பக்கங்களாகக் கேட்டு வாங்கிக்கொண்டால், அது இந்தக் கோப்பின் எந்தச் செலவு வரியிலும் ஏறாது. மிச்சத்தில் மட்டும் குறையும். கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர் தம் கடையில் எத்தனை அண்டா குறைகிறது என்று எண்ணிச் சொல்லிவிடலாம். எந்த வீட்டுக்குப் போனது என்று நோட்டில் எழுதவில்லை என்றால் அவர் எந்த வாசலில் போய் நிற்பது?

சாதாரண நிரல் ஒன்று நினைவகத்தைக் கசியவிட்டால் சமாளித்துவிடலாம். அதைக் கொன்றால் அது பிடித்திருந்த பக்கங்கள் அத்தனையும் கெர்னலிடம் திரும்பிவிடும். கெர்னலே கசியவிட்டால் கொல்வதற்கு ஆளில்லை; இயந்திரத்தை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நினைவகம் அடியோடு தீரும்போது கெர்னல் தானாகவே ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொல்லும். அதிகம் தின்றது எதுவோ அதுதான் வழக்கமாக மாட்டும். உண்மையில் தின்றது ஒரு நெட்வொர்க் டிரைவராக இருந்தால், அதன் பெயர் அந்தப் பட்டியலிலேயே இருக்காது. நேர்மையாக வேலை செய்துகொண்டிருந்த தரவுத்தளம் பலியாகும். கசிவு தொடரும்.

யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதி வைக்கும் எண்ணம் லினக்ஸில் பிறந்ததல்ல. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் ஆய்வுக் குழுவில் மார்ஷல் கிர்க் மெக்குசிக்கும் மைக்கேல் கேரல்ஸும் 1988இல் 4.3பிஎஸ்டி கெர்னலுக்குப் பொதுவான நினைவக ஒதுக்கி ஒன்றை எழுதினார்கள். அதுவரை அந்தக் கெர்னலுக்குள் ஒவ்வொரு பகுதியும் தனக்கென ஒரு ஒதுக்கியை வைத்துக்கொண்டிருந்தது. புதிய ஒதுக்கியைக் கூப்பிடுகிறவர் எத்தனை பைட் வேண்டும் என்று சொன்னால் போதாது. எந்த வகைக்கு என்றும் சொல்ல வேண்டும். நெட்வொர்க் பஃபரா, சாக்கெட்டா, கோப்பு அமைப்புக்கா என்று ஒரு வகை எண் கூடவே போகும். வகைக்கு ஒரு கணக்கு. இப்போது கையில் இருப்பது எவ்வளவு, உச்சத்தில் இருந்தது எவ்வளவு, இதுவரை எத்தனை முறை கேட்டார்கள் என்பது வரை விஎம்ஸ்டாட் கட்டளை அட்டவணையாகக் காட்டும். இன்றைய ஃப்ரீபிஎஸ்டியிலும் வகைவாரியான அந்த அட்டவணை வருகிறது. எனக்கு இந்த வடிவமைப்பின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஒதுக்கியை எழுதும் நாளிலேயே கணக்கையும் சேர்த்து எழுதினார்கள், அதனால் அதற்கு விலை என்று தனியாக எதுவும் ஆகவில்லை. விண்டோஸ் என்டி குடும்பத்திலும் இதே போக்கு வந்தது. டிரைவர் எழுதுகிறவர் நான்கு எழுத்துக் குறி ஒன்றைக் கொடுத்துத்தான் பூல் நினைவகம் கேட்பார். பூல்மான் என்ற கருவி குறிவாரியாகக் கணக்குக் காட்டும். முதலில் விருப்பப்பட்டால் இயக்கிக்கொள்ளும் வசதியாக இருந்த அது, சர்வர் 2003 முதல் எப்போதும் இயங்குவதாக ஆனது.

லினக்ஸ் வேறு வழியில் வளர்ந்தது. 1991 நவம்பரில் தியடோர் சோ எழுதிக் கொடுத்த முதல் ஒதுக்கியும், 1993இல் வோல்ஃப் எழுதிய கேமாலாக்கும் வகை எதையும் கேட்கவில்லை. எத்தனை பைட், மிஞ்சினால் எவ்வளவு அவசரம், அவ்வளவுதான் கேள்வி. பிறகு 1996, 97இல் மார்க் ஹெம்மன்ட் பான்விக்கின் முறையைப் பின்பற்றி லினக்ஸுக்கு ஸ்லாப் எழுதியபோது பாதி விடை கிடைத்தது. ஐநோடு, டென்ட்ரி போன்றவற்றுக்குத் தனித்தனி கேஷ், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஸ்லாப்இன்ஃபோ கோப்பில் பெயரோடு எண்ணிக்கை தெரிந்தது. மற்ற எல்லாரும் போய் நிற்கும் இடம் பொது கேஷ்கள். 64 பைட் கேஷ், 128 பைட் கேஷ், 256 பைட் கேஷ் என்று அளவுதான் அவற்றின் பெயர். கசிகிறது 128 பைட் கேஷ் என்று தெரிந்தால் என்ன செய்ய முடியும்? கெர்னலில் அந்த அளவுக்குள் நினைவகம் கேட்கும் இடங்கள் ஏராளம். 2007இல் கிறிஸ்டோஃப் லாமீட்டரின் ஸ்லப் ஒதுக்கி வந்தபோது இருந்த பாதி விடையும் மங்கியது. இடத்தை மிச்சப்படுத்த அது ஒத்த அளவுள்ள கேஷ்களை ஒன்றாக இணைத்துவிடும். ஒரு பெயரின் கீழ் வேறு பலரின் பொருள்களும் இருக்கும். பெயரைப் பார்த்து ஒருவரைக் குற்றம் சாட்டினால் ஆள் மாறிப்போக வாய்ப்புண்டு.

பிழை தேடும் கருவிகளே இல்லாமல் இல்லை. ஸ்லப்புக்கே ஒரு பிழைதேடும் நிலை உண்டு. ஒவ்வொரு பொருளோடும் அதை வாங்கியவர் யார், விட்டவர் யார் என்று சேர்த்து எழுதி வைக்கும். அதற்காக ஒதுக்கியின் வேகப் பாதையையே மூடிவிட வேண்டும். 2009இல் கேட்டலின் மரினாஸ் எழுதிய கேமெம்லீக் 2.6.31இல் சேர்ந்தது. இது அழகான யோசனை. ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு துண்டையும் ஒரு மரத்தில் பதிந்து வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கெர்னலின் தரவுப் பகுதிகளையும் ஸ்டாக்குகளையும் துழாவும். எந்தத் துண்டின் முகவரி எங்குமே காணப்படவில்லையோ அது அநாதை, கசிந்தது என்று அறிவிக்கும். தவறான எச்சரிக்கைகள் வரும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான குறை வேறு. பட்டியல் ஒன்று வளர்ந்துகொண்டே போகிறது, யாரும் அதிலிருந்து எதையும் நீக்குவதில்லை என்று வையுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு துண்டின் முகவரியும் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அதனால் கேமெம்லீக்கின் கண்ணில் அது கசிவே அல்ல. நடைமுறையில் சர்வர்களைச் சாய்ப்பவற்றில் இந்த வகை வளர்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

2015 தொடக்கத்தில் 3.19 பதிப்பில் ஜூன்சூ கிம்மின் பேஜ் ஓனர் வந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அதை வாங்கிய ஃபங்ஷன்களின் முழு அடுக்கையும் பதிந்து வைக்கும். கெர்னல் துவங்கும்போதே அதை இயக்கச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இல்லை. இங்கேதான் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான சிக்கல் நிற்கிறது. கசிவு என்பது பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல நடப்பது. ஒரு சர்வரில் நினைவகம் குறைகிறது என்று கவனத்துக்கு வரும்போது இந்தக் கருவிகளில் எதுவும் அங்கே ஓடிக்கொண்டிருப்பதில்லை; ஓட விட்டிருந்தால் அந்தச் சர்வர் மெதுவாகிவிட்டது என்று யாரோ முன்பே அணைத்திருப்பார்கள். கருவியை இயக்கி மறுபடி துவக்கினால் தடயம் போய்விடும். பிறகு அது மறுபடி கசியும்வரை காத்திருக்க வேண்டும். கைபேசியில் நிலைமை இன்னும் மோசம். சாதனம் பயனர் கையில் இருக்கிறது, அவர் எந்தக் கருவியையும் இயக்கப் போவதில்லை.

ஆக, எவ்வளவு விவரம் தருகிறது என்பதைக் காட்டிலும், சிக்கல் நடக்கும் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதே ஒரு கருவியின் தகுதியைத் தீர்மானித்தது. இதை முழுமையாக உணர்ந்து வேலையில் இறங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கூகுளில் ஆண்ட்ராய்டு கெர்னலில் வேலை செய்யும் சுரேன் பக்தசாரியன். நினைவக நெருக்கடியை முன்கூட்டியே அறியும் பிஎஸ்ஐ கண்காணிப்பை லினக்ஸில் சேர்த்தவர். கைபேசியில் நினைவகம் தீர்ந்துபோவதன் வலி தெரிந்தவர். மற்றவர் பீகேஷ்எஃப்எஸ் கோப்பு அமைப்பை எழுதிய கென்ட் ஓவர்ஸ்ட்ரீட். 2022 ஆகஸ்ட் இறுதியில் இருவரும் சேர்ந்து 30 பேட்ச்களைக் கருத்துக் கேட்டு அனுப்பினார்கள். முதல் வடிவத்தில் நினைவகக் கணக்கு ஒரு பகுதி மட்டுமே. செயற்கையாகப் பிழைகளைப் புகுத்திச் சோதிப்பது, தாமதங்களை அளப்பது என்று வேறு பயன்களும் அதிலேயே இருந்தன. எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஒன்றுதான்: மூல நிரலின் குறிப்பிட்ட வரி ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளச் சீட்டு.

அந்தச் சீட்டு எப்படி ஒட்டப்படுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் குறைந்த செலவின் ரகசியம் முழுவதும் அங்கே இருக்கிறது.

கேமாலாக் என்பது இதுவரை ஒரு ஃபங்ஷன். புதிய ஏற்பாட்டில் அது ஒரு மேக்ரோவாகிறது. பழைய ஃபங்ஷனுக்குப் பின்னொட்டு ஒன்று சேர்த்துப் பெயர் மாற்றிவிட்டார்கள். கணக்கில்லாத ஒதுக்கீடு என்று பொருள்படும் பின்னொட்டு. ஒரு டிரைவரில் யாரோ கேமாலாக் என்று எழுதியிருந்தால், கம்பைலர் அந்த இடத்தில் மேக்ரோவை விரிக்கும்போது நிலையான சிறு கட்டமைப்பு ஒன்றைப் படைத்து வைக்கும். கோப்பின் பெயர், வரி எண், ஃபங்ஷனின் பெயர், மாட்யூலின் பெயர், ஒரு கவுன்ட்டரின் முகவரி, இவ்வளவுதான் அதில். இந்தக் கட்டமைப்புகள் எல்லாம் இறுதிக் கோப்பில் தனிப் பகுதி ஒன்றில் போய்ச் சேருமாறு குறித்திருப்பதால், லிங்கர் அவற்றை வரிசையாக அடுக்கிவிடும். கெர்னல் துவங்கும்போது அந்தப் பகுதியின் தொடக்கமும் முடிவும் தெரிந்தால் போதும். நினைவகம் கேட்கும் ஆயிரக்கணக்கான இடங்களின் முழுப் பட்டியல் கையில் இருக்கும். யாரும் எங்கும் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. ஜேசன் பாரன் 2009 வாக்கில் கொண்டுவந்த டைனமிக் டிபக் வசதி பிழைதேடும் அச்சு வரிகளை இதே உத்தியில்தான் திரட்டியது. அதை எல்லா வகைப் பயனுக்கும் பொதுவாக்கினார்கள்.

ஓட்டத்தின்போது நடப்பது இது. மேக்ரோ முதலில் தன் சீட்டின் முகவரியை, அப்போது ஓடும் பணியின் கட்டமைப்பில் ஒரு புலத்தில் எழுதி வைக்கும்; பிறகு உண்மையான ஒதுக்கியைக் கூப்பிடும். ஒதுக்கி எத்தனை அடுக்கு உள்ளே போனாலும் அந்தப் புலத்தைப் பார்த்துக் கேட்டவர் யார் என்று தெரிந்துகொள்ளும். ஸ்டாக்கைப் பின்னோக்கி நடந்து அலச வேண்டியதில்லை. பழைய கருவிகளின் நேரத்தைத் தின்றது அந்த நடைதான், இங்கே அது அறவே கிடையாது. ஒதுக்கீடு முடிந்ததும் சீட்டின் கவுன்ட்டரில் பைட்டுகளும் எண்ணிக்கையும் ஏறும், பணியின் புலத்தில் முன்பு இருந்த மதிப்பு திரும்ப வைக்கப்படும்.

கவுன்ட்டர் ஒன்றல்ல, பிராசசர் கோர் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எல்லாக் கோர்களும் ஒரே எண்ணைக் கூட்டப் போனால் அந்த கேஷ் வரிக்காக இழுபறி நடக்கும், வேகம் படுத்துவிடும். ஆளுக்கு ஒன்று இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. முதல் கோரில் வாங்கிய துண்டை ஐந்தாவது கோரில் விட்டால் என்ன ஆகும்? முதல் கோரின் கவுன்ட்டரில் ஏறியது, ஐந்தாவதன் கவுன்ட்டரில் கழியும். ஐந்தாவது பூஜ்யத்துக்குக் கீழே போகலாம். போகட்டும். யாராவது கேட்கும்போது அத்தனையையும் கூட்டினால் சரியான தொகை வந்துவிடும். கேட்பது எப்போதோ ஒரு முறை, ஒதுக்குவது நொடிக்கு லட்சக்கணக்கில். ஆகவே சுமையை முழுவதும் கேட்கும் பக்கம் தள்ளியிருக்கிறார்கள்.

விடும்போது எந்தச் சீட்டில் கழிப்பது என்று தெரிய வேண்டுமே. அதற்காக ஒவ்வொரு துண்டோடும் சீட்டின் சுட்டி ஒன்று சேர்ந்து இருக்க வேண்டும். ஸ்லாப் பொருள்களுக்கு இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. 2020இல் வந்த 5.9 பதிப்பில் ரோமன் குஷ்சின் ஸ்லாப் பொருள்களை சிகுரூப் எனும் நிரல் குழு வாரியாகக் கணக்கு வைக்க ஒரு வரிசையை ஏற்படுத்தியிருந்தார். அந்த வரிசையை விரித்து, சிகுரூப் சுட்டியின் பக்கத்தில் சீட்டின் சுட்டியையும் வைத்தார்கள். பக்கங்களுக்குப் பேஜ் எக்ஸ்ட் என்ற கூடுதல் தரவுப் பகுதியில் பக்கத்துக்கு 8 பைட். அவ்வளவையும் ஒரு ஜம்ப் லேபிளின் பின்னால் வைத்துவிட்டார்கள். வசதி அணைந்திருக்கும்போது அந்த இடத்தில் ஓடுவது எதுவும் செய்யாத ஒரு கட்டளை மட்டுமே. இயக்கினால் ஓடும் கெர்னலின் நிரலையே அந்த இடத்தில் திருத்தி எழுதும்.

விலை என்ன ஆயிற்று? பேட்ச்களோடு அவர்களே வெளியிட்ட அளவீடு இருக்கிறது. 56 கோர் இன்டெல் ஜியான் கணினி, 6.8 பதிப்பின் முதல் சோதனைக் கெர்னல். கேமாலாக்கால் வாங்குவதும் விடுவதுமாகத் திரும்பத் திரும்பச் செய்த சோதனை சாதாரணக் கெர்னலில் 6.764 நொடி எடுத்தது. வசதியைக் கட்டிச் சேர்த்துவிட்டு அணைத்து வைத்தால் 0.43 விழுக்காடு கூடியது. இயக்கினால் 6.40 விழுக்காடு. முழுப் பக்கங்களை வாங்கிவிடும் சோதனையில் இயக்கிய நிலையில் 40 விழுக்காடு. இந்த 40ஐப் பார்த்து மிரளக் கூடாது. ஒதுக்குவதையும் விடுவதையும் தவிர வேறு வேலையே செய்யாத சோதனை அது. எந்த நிஜமான சுமையும் அப்படி இருக்காது. எனக்கு முக்கியமாகப் படுவது அதே அட்டவணையின் இன்னொரு வரி. கெர்னல் நினைவகத்தை சிகுரூப் கணக்கில் சேர்த்தால் முதல் சோதனை 97.94 விழுக்காடும், இரண்டாவது 186.71 விழுக்காடும் மெதுவாகின்றன. கன்டெய்னர் ஓட்டுகிற எல்லாரும் இந்த விலையைத் தினமும் முணுமுணுக்காமல் கொடுக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் 6.40 என்பது பெரிய கேள்வியே அல்ல.

நினைவகச் செலவும் சொல்லப்பட்டிருக்கிறது. 125 ஜிபி உள்ள அந்தக் கணினியில் சீட்டுகளுக்கு 192 கிலோபைட், ஸ்லாப் சுட்டிகளுக்கு 9.6 மெகாபைட், பக்கச் சுட்டிகளுக்கு 256 மெகாபைட். எல்லாம் சேர்த்து மொத்தத்தில் 0.2 விழுக்காடு.

பலன் ப்ராக் கோப்பகத்தில் அலாக்இன்ஃபோ என்ற கோப்பாகக் கிடைக்கிறது. வரிக்கு ஒரு சீட்டு: எத்தனை பைட் கையில் இருக்கிறது, எத்தனை ஒதுக்கீடுகள், எந்தக் கோப்பின் எத்தனையாவது வரி, எந்த ஃபங்ஷன். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால் போதும். பேட்ச்களோடு அவர்கள் காட்டிய மாதிரிப் பட்டியலின் முதல் வரியை நான் ரசித்துப் படித்தேன். பேஜ் எக்ஸ்ட் கோப்பின் 270ஆவது வரி, 31,168 ஒதுக்கீடுகள், 12,76,64,128 பைட். 31,168ஐ 4,096ஆல் பெருக்கிப் பாருங்கள், ஒரு பைட் பிசகாது. பேஜ் எக்ஸ்ட் என்பது இந்தக் கணக்கும் தன் பக்கச் சுட்டிகளை வைத்திருக்கும் இடம். தன் சுமையும் சேர்ந்த அந்த இடத்தைப் பட்டியலின் தலையிலேயே ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. கீழே சற்றுத் தள்ளி, விளக்கத்துக்காக எழுதப்பட்ட மாட்யூல் ஒன்றின் 20ஆவது வரி 1,010 பக்கங்களைப் பிடித்து வைத்திருப்பது தெரிகிறது. பக்க ஒதுக்கியிடம் நேரே போய் வாங்குவதால் மெம்இன்ஃபோவில் தடமே விடாத டிரைவர், இங்கே வரி எண்ணோடு நிற்கிறது.

இவ்வளவு இருந்தும் வழி எளிதாகத் திறக்கவில்லை. முதல் எதிர்ப்பு, இருப்பதே போதுமே என்பது. ஒதுக்கும் இடத்திலும் விடும் இடத்திலும் டிரேஸ்பாயின்ட்கள் ஏற்கெனவே இருக்கின்றன, பிபிஎஃப் நிரல் ஒன்றை மாட்டினால் இதே கணக்கு வந்துவிடாதா என்று கேட்டார்கள். வரும், ஆனால் விட்ட துண்டை வாங்கிய துண்டோடு பொருத்த, கையில் உள்ள ஒவ்வொரு துண்டையும் வெளியே ஒரு அட்டவணையில் வைத்திருக்க வேண்டும்; கெர்னல் துவங்கிய நொடியிலிருந்து ஒன்றுகூட நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேஜ் ஓனரை எழுதியபோதே அதன் ஆவணத்தில் இதே காரணம் விளக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. நினைவக மேலாண்மையில் நெடுங்காலம் உழைத்துவரும் சூசே நிறுவனத்தின் மிக்கேல் ஹோக்கோ பராமரிப்புச் சுமையைக் காட்டி எதிர்த்தார். ஒதுக்கும் ஃபங்ஷன்கள் ஒவ்வொன்றும் மேக்ரோவாகவும் பின்னொட்டுப் பெயராகவும் இரண்டாகப் பிரிகின்றன. இனிமேல் ஒதுக்கியில் கை வைக்கிற ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்த எதிர்ப்பை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். கெர்னலில் ஒரு வசதியைச் சேர்க்கிறவர் ஒருவர். அதைப் பல ஆண்டுகள் சுமக்கிறவர்கள் வேறு பலர். அவர்கள் சார்பாக ஒருவர் பேசியாக வேண்டும். 2023 மே மாதம் வான்கூவரில் கூடிய நினைவக மேலாண்மைக் கூட்டத்திலும் இது விவாதிக்கப்பட்டது, முடிவு எட்டவில்லை.

வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தாமத அளவீடும் பிழை புகுத்தலும் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டன. நினைவகக் கணக்கு மட்டும் நின்றது. அது சரியான முடிவு. பல பயன்களைக் காட்டிப் பொது அடித்தளத்தை விற்க முயல்வதைவிட, எல்லாரும் அவதிப்படும் ஒரே சிக்கலைத் தீர்த்துக் காட்டியது எடுபட்டது. 2024 மார்ச்சில் ஆறாவது வடிவம் 37 பேட்ச்களோடு வந்தது. ஆண்ட்ரூ மார்ட்டனின் நினைவக மேலாண்மை மரம் வழியாக டார்வால்ட்ஸிடம் போய், 2024 ஜூலை 14 அன்று வெளியான 6.10 பதிப்பில் இடம்பிடித்தது.

சேர்வதற்கு முன்பே ஒரு முக்கியமான திருத்தம் நடந்தது. கெர்னல் பாதுகாப்பில் பெயர் பெற்ற கீஸ் குக், அலாக்இன்ஃபோவை ரூட் மட்டுமே படிக்கலாம் என்று இறுக்கினார். எந்த வரி எத்தனை பொருள்களை வைத்திருக்கிறது என்பதை நொடிக்கு நொடி அறிய முடிந்தால், ஹீப்பின் அமைப்பைத் தனக்கேற்ப ஒழுங்குசெய்து தாக்குபவருக்கு அது கைவிளக்காகிவிடும்.

6.10இல் நினைவகம் தீர்ந்து நிரல்களைக் கொல்லும் தருணத்தில் அச்சாகும் அறிக்கையும் மாறியது. கணக்கு இயங்கும் கணினியில், அதிகம் பிடித்திருக்கும் பத்து இடங்கள் அந்த அறிக்கையிலேயே வரும். தரவுத்தளம் கொல்லப்பட்ட காரணத்தைத் தேடுகிறவர் இனி டிரைவரின் பெயரையும் அங்கேயே பார்ப்பார். இன்னொரு பலனும் வடிவமைப்பின் போக்கிலேயே வந்து சேர்ந்தது. மாட்யூல் ஒன்றை நீக்கும்போது அதன் சீட்டுகளில் இன்னும் பைட்டுகள் பாக்கி இருந்தால், அந்தச் சீட்டுகள் இருக்கும் பகுதியை விடுவிக்க முடியாது. விட்டால் பிறகு யாரோ அந்தத் துண்டை விடும்போது இல்லாத சீட்டில் கழிக்கப் போவார்கள். எனவே கெர்னல் அந்தப் பகுதியை வைத்துக்கொண்டு, இன்ன கோப்பில் இன்ன வரி வாங்கிய இத்தனை பைட் மாட்யூல் வெளியேறும்போது திரும்பவில்லை என்று எச்சரிக்கும். பாதுகாப்புக்காக எழுதிய சரிபார்ப்பு, டிரைவர் எழுதுகிறவர்களுக்குக் கசிவைக் காட்டும் கருவியாகவும் ஆகிவிட்டது.

இது சொல்லாதது ஒன்று உண்டு. சீட்டு ஒரு வரியைத்தான் காட்டும், அந்த வரிக்கு எந்த வழியாக வந்தார்கள் என்று காட்டாது. டிரைவர் ஒன்றில் உதவி ஃபங்ஷன் ஒன்று இருந்து, எல்லாரும் அதன் வழியாகவே நினைவகம் கேட்டால், மொத்தப் பழியும் உதவி ஃபங்ஷனின் வரிமேல் விழும். பரவலாகப் பயன்படும் ஹேஷ் அட்டவணை நூலகம் போன்றவற்றுக்கு இதை அந்தப் பேட்ச் தொடரிலேயே சரிசெய்தார்கள். அழைத்தவரின் சீட்டே கணக்கில் வரும்படி மேக்ரோவை ஒரு படி மேலே தூக்கி வைத்தார்கள். மற்ற இடங்களில் அந்தந்தப் பகுதியைப் பராமரிக்கிறவர் செய்ய வேண்டும். ஹோக்கோ சொன்ன சுமை இதுதான், அது மறைந்துவிடவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான இடங்களில் தேட வேண்டியது ஒரே வரியாகச் சுருங்கிய பிறகு, அந்த வரிக்கு மட்டும் டிரேஸ் போட்டு முழு அடுக்கையும் பார்ப்பது ஒரு மணி நேர வேலை.

பக்கத்துக்கு 8 பைட் என்ற செலவையும் பிறகு குறைத்தார்கள். முழுச் சுட்டிக்குப் பதிலாகச் சீட்டின் வரிசை எண்ணை மட்டும் வைத்தால் சில பிட்டுகளே போதும். அவ்வளவு பிட்டுகள் பக்கத்தின் கொடிகள் இருக்கும் சொல்லிலேயே பெரும்பாலும் காலியாகக் கிடக்கின்றன. 2025 ஜனவரியில் வெளியான 6.13 பதிப்பு முதல், துவக்க அளவுருவில் சுருக்கிய வடிவம் வேண்டும் என்று சொன்னால் கெர்னல் அந்த பிட்டுகளைப் பயன்படுத்திக்கொள்ளும். பெரிய கணினிகளில் நூற்றுக்கணக்கான மெகாபைட் மிச்சம். காலி பிட்டுகள் போதவில்லை என்றால் ஒரு எச்சரிக்கையை எழுதிவிட்டு முழுக் கணக்கையும் அணைத்துவிடும். ஆகையால் எந்த வடிவம் என்று முடிவெடுக்கும் பொறுப்பு கெர்னலைக் கட்டி வெளியிடுகிறவர்களிடம் இருக்கிறது.

அளவீட்டு அட்டவணையில் 97.94 விழுக்காடு என்று நின்ற சிகுரூப் கணக்கு ஏன் அவ்வளவு விலை கேட்கிறது, அதை ஏன் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)